வெள்ளையம்மா டீச்சரின் ஜனவரிகள்

வெள்ளையம்மா டீச்சரிடம் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்ன முதல் ஆள், ஆசிரியர் கலாசாலையில் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த அம்மா. "வெண்ணிலான்னு வச்சிக்குங்களேன். ஒரு டீச்சருக்கு அது எடுப்பா இருக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வெள்ளையம்மா அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. மறுநாள் காலையில் ஒரு தாளில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டினார். படிப்பு முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

கோபம் அவருக்கு அப்படித்தான் வரும். சத்தம் போட மாட்டார். விடவும் மாட்டார்.

அந்தக் கோபத்துக்கு ஓர் ஆரம்பம் உண்டு. அவருடைய அப்பா ஐயாவு நிவித்திகலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். அப்படிப் போன முதல் நாள், வகுப்பு டீச்சர் புதுப் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, பேர் என்ன, ஊர் என்ன, அப்பா என்ன வேலை என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான். வெள்ளையம்மா எழுந்து, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார் என்றார். பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஒட்டுப்பால்" என்றான். மரத்தில் வழிந்து காய்ந்து நாறிப்போகும் பாலுக்கு அந்தப் பெயர். பதினோராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர். டீச்சர்மார் சிலருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை.

1994இல் ஓப்பநாயக்கவுக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் பாதையோரம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆறாம் தரத்துக்குப் பொறுப்பான டீச்சர். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகள் நடந்தும் பஸ்ஸிலும் வருவார்கள். கிளாக்கர், டீமேக்கர் போன்ற தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். கடைவீதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள் வருவார்கள். ஐந்தாம் தரம்வரை வெவ்வேறு இடங்களில் படித்தவர்கள் ஆறாம் தரத்தில்தான் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேருவார்கள். வந்ததும் வேன் பிள்ளைகள் ஒரு பக்கம், கடைவீதிப் பிள்ளைகள் ஒரு பக்கம், லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஒரு பக்கம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்காரும்படி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இதைச் சரிசெய்ய அதிபரிடம் ஒரு வழி இருந்தது. வருஷத்தின் முதல் காலைக் கூட்டத்தில் புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து மைக்கில் பேர், ஊர், அப்பாவின் தொழில் மூன்றையும் சொல்ல வேண்டும். பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த மைக் அது. அதிபருக்கு அதன்மேல் தனிப் பிரியம். மண்டபம் முழுக்கத் தன் குரல் கேட்டால் பிள்ளைகளின் கூச்சம் போய்விடும் என்பார்.

முதல் வருஷமே வெள்ளையம்மா அவரிடம் போனார்.

"சார், அப்பா தொழில் வேணாம். பேரும் ஊரும் போதும்."

"ஏன் டீச்சர்? தோட்டத் தொழிலாளின்னு சொல்றதுல என்ன வெக்கம்? ஒழைச்சித்தான சாப்புடுறாங்க?"

"சொல்ற புள்ளைக்கு வெக்கமில்ல சார். கேக்குற புள்ளைங்க சிரிக்குதுங்க."

"சிரிச்சா அடக்குங்க. அதுக்குத்தான நாம இருக்கோம்."

அதிபர் கெட்டவர் அல்ல. தோட்டத்துக் கிளாக்கரின் மகன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் பிறந்து, படித்து, பட்டம் வாங்கி மேலே வந்தவர். மைக்கில் 'அப்பா கிளாக்கர்' என்று சொல்லும்போது ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 'அம்மா கொழுந்து எடுக்குது, அப்பா கவ்வாத்து வெட்டுறாரு' என்று சொல்லும்போது எப்படி இருக்கும் என்பது தெரியாது. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. வெள்ளையம்மாவை ஆத்திரப்படுத்தியது அதுதான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஆசிரியர் கூட்டத்தில் இதே பேச்சு எழும். மற்ற டீச்சர்மார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் அதிபர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே மைக்கப் புடிச்சிக்குங்க டீச்சர். பயந்த புள்ளைங்களுக்கு நீங்க பக்கத்துல நின்னா தைரியமா இருக்கும்" என்றார். மறுத்தால் வேறு யாரோ பிடிக்கப் போகிறார்கள் என்று வெள்ளையம்மா ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு டிசம்பர் கூட்டங்களில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2007 ஜனவரியில் மேடையேறிய புதுப் பிள்ளைகளில் கோகிலாவும் ஒருத்தி. கித்துல்மலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளை. அம்மா மல்லிகா கொழுந்து எடுக்கிறவள். அப்பா சுதாகரன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன். முந்தைய வருஷக் கடைசியில் அவன் தங்கியிருந்த அறையை ஆமிக்காரர்கள் சுற்றி வளைத்து, அங்கிருந்த தமிழ்ப் பையன்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடையாள அட்டை இருந்தது, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு இல்லை. அவ்வளவுதான் குற்றம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. மல்லிகா மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: யார் கேட்டாலும் அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்கிறார் என்று சொல்.

கோகிலா அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"சத்தமா சொல்லும்மா" என்றார் மேடையின் ஓரத்தில் நின்ற அதிபர். "என்ன கடை?"

"ஹோட்டல் சார்."

"எந்த ஹோட்டல்? கொழும்புல எங்க?"

அக்கறையாகத்தான் கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு லயத்துப் பிள்ளை கொழும்பு என்று சொன்னது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோகிலா வெள்ளையம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையம்மாவுக்கு எதுவும் தெரியாது. பயத்தில் மறந்துவிட்டாளாக்கும் என்று எண்ணி, "சொல்லு தங்கம்" என்று மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இப்ப ஹோட்டல்ல இல்ல" என்றாள் கோகிலா. "ஆமிக்காரங்க புடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

அந்த வார்த்தைகள் மண்டபம் முழுக்கக் கேட்டன. மைக் நன்றாகத்தான் வேலை செய்தது.

இடைவேளைக்குள் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வந்துவிட்டது. கொட்டியா. சிங்களத்தில் புலி. சிங்களப் பிள்ளை ஒருவர்கூட இல்லாத பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளே வைத்த பெயர். மறுநாள் அவளுடைய வாங்கில் யாரோ கரித்துண்டால் சிங்கள எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாமார் இரண்டு பேர் அதிபரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் கோகிலா வரவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றார் அதிபர். "கொஞ்ச நாளைக்கி வீட்டுல இருக்கட்டும். இல்லாட்டி தோட்டத்து ஸ்கூல்லயே இன்னொரு வருஷம் ஒக்காரட்டும். அந்தப் புள்ளையோட நல்லதுக்குத்தான்."

"யாரு சார் அவள மேடைக்கி ஏத்துனது?"

"டீச்சர், எனக்கு எப்பிடித் தெரியும்? காலம் எப்பிடி இருக்கு? நாளைக்கி பொலிஸ் வந்து ஒங்க ஸ்கூல்ல யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா? எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"பன்னெண்டு வருஷமா சொல்றேன் சார். தொழிலக் கேக்காதீங்க, கேக்காதீங்கன்னு."

"இது தொழில் பிரச்சனை இல்ல."

"இதுதான் சார் தொழில் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா வெளியே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை.

சனிக்கிழமை அவர் கித்துல்மலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேல் டிவிசனுக்கு ஏறினார். மல்லிகா எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் வாங்க என்று சொல்லவில்லை. தோட்டத்தில் எந்த வீட்டிலும் ஒரு டீச்சரை அப்படி நிற்க வைக்க மாட்டார்கள்.

"புள்ளைய அனுப்புங்க மல்லிகா. நான் பாத்துக்குறேன்."

மல்லிகா செம்பைக் கீழே வைத்தாள். "மைக்கப் புடிச்சிருந்தது நீங்கதானுங்களே டீச்சர்?"

"ஆமா."

"அதுல அணைக்கிற சுவிச்சு இருக்குமாமே. புள்ள சொன்னிச்சி. அது ஒங்க கையிலதான இருந்திச்சி?"

மல்லிகா நிமிர்ந்து நின்றாள்.

"பெரிய சார் கேட்டாரு. அவரு பங்களாப் பக்கத்து ஆளு, அவருக்குத் தெரியாது. நீங்க லயத்துல பொறந்தவங்கன்னு சொன்னாங்க. நீங்க மைக்கக் கிட்ட கொண்டு போனீங்களாம். என் புள்ள ஒங்க மூஞ்சப் பாத்துத்தான் உண்மையச் சொல்லிருக்கு." மல்லிகாவின் குரல் உயரவே இல்லை. அவளுக்கும் கோபம் அப்படித்தான் வரும்போல. "நான் வாரத்துல ஒரு நாள் வேலைக்கிப் பேர் போடாம அவரத் தேடி கொழும்புக்கு ஓடுறேன். அங்க ஒருத்தன் நாளைக்கி வா, ஒருத்தன் அடுத்த மாசம் வாங்கிறான். இங்க வந்தா நீங்க. போய்ட்டு வாங்க டீச்சர்."

இறக்கத்தில் நடக்கும்போது வெள்ளையம்மாவுக்கு முதலில் மல்லிகாமேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று. சந்திக்கு வருவதற்குள் அது மாறிவிட்டது. அதிபரிடம் பன்னிரண்டு வருஷம் சொன்னேன் என்றது பொய். கடைசிச் சில வருஷங்களில் அவர் எதுவும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தும் ஏறாமல் அடுத்த பஸ்வரை அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனார். இந்தத் தடவை, அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. "சுவிச்சு என் கையிலதான் இருந்திச்சி. நான் அணைக்கல. தப்பு என்மேலதான். இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

மல்லிகா கையிலிருந்த விறகை ஒடித்து அடுப்படியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "பெரிசா ஒண்ணும் வேணாங்க. சோத்து நேரத்துல புள்ள தனியா ஒக்காந்து திங்கிதாம். ஒருத்தி, ஒரே ஒருத்தி அவகூட ஒக்காந்து சாப்புடணும். அத மட்டும் செஞ்சி குடுங்க. நான் அனுப்புறேன்."

திங்கட்கிழமை கோகிலா வந்தாள். வெள்ளையம்மா முதல் பாடம் முழுக்க வகுப்பைத் திட்டினார். யார் வாங்கில் எழுதியது, உங்கள் அப்பாவைப் பிடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளைகள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் சோற்றுப் பார்சல்களை எடுத்துக்கொண்டு வழக்கமான இடங்களுக்குப் போய்விட்டார்கள். கோகிலா தனியாகச் சாப்பிட்டாள். முன்னைவிட இன்னும் தள்ளி.

அடுத்த நாள் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்தார். வேன் பிள்ளைக்கு எதிரே லயத்துப் பிள்ளை, லயத்துப் பிள்ளைக்கு எதிரே கடைவீதிப் பிள்ளை. "இன்னைக்கிப் பாடம் இல்ல. ஒங்க முன்னாடி இருக்கிற புள்ளகிட்ட எத வேணும்னாலும் கேளுங்க. நான் கேக்கச் சொல்லித் தர மாட்டேன். அவங்க பதில் சொல்லணும்னும் இல்ல" என்றார்.

கோகிலாவுக்கு எதிரே இருந்தவள் நூரியா. கடைவீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக்கின் மகள். வாய் சும்மா இருக்காத பிள்ளை. அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஒங்கட வாப்பா கொட்டியாவா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. வெள்ளையம்மா பாய்ந்து எழுந்தார். வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் கோகிலா பதில் சொல்லிவிட்டாள்.

"இல்ல. எங்கப்பா ரொட்டி போடுறவரு. கொத்து ரொட்டிக்கி."

"வீச்சு ரொட்டியா? அந்தரத்துல சுத்தி வீசுறதா?"

"ம்."

"மெய்யாவா? ஒங்களுக்கும் தெரியுமா?"

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பாவாடை மடிப்பிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து விரித்து, இரண்டு முனைகளையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி வாங்குமேல் பட்டென்று அடித்தாள். அப்பா லீவில் வரும்போதெல்லாம் காட்டித்தருவாராம். மாவை அடித்து, இழுத்து, எதிர்ப்பக்கம் மடித்து விட வேண்டுமாம். நூரியாவும் தன் லேஞ்சியை எடுத்தாள். அவளுக்கு வரவில்லை. பக்கத்து வாங்கிலிருந்த வேன் பையன் ஒருவன், "அப்பிடி இல்ல, இப்பிடி" என்று எழுந்து வந்தான். சற்று நேரத்தில் வகுப்பு முழுக்க லேஞ்சிகள் பறந்தன. அடுத்த வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளையம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் முந்திக்கொண்டு அந்தக் கேள்வியை அடக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். அன்று இடைவேளையில் நூரியா கோகிலாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டு நாளில் அப்துல் ரஸாக் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, வேர்க்க வேர்க்க வந்திருந்தார்.

"டீச்சர், மகள் ஊட்டுல துண்டெடுத்து ரொட்டி வீசுறா. ஆரு படிச்சித் தந்த எண்டு கேட்டா, அந்தப் புள்ளயாம். அவட வாப்பா எங்க ஈக்கிற எண்டு ஊருக்கே தெரியும். எங்கட மகள வேற எடத்துல வைங்க."

"ஏன்?"

"ஏனா? நான் சிங்கள ஆக்கள் மத்தியில கட வச்சி யாவாரம் பண்றவன். நாளைக்கி ஒருத்தன் வந்து, ஒங்கட மகள் ஆரோட சேர்ற எண்டு கேட்டா, நான் என்னத்தச் செல்ற?"

"அந்தப் புள்ளகூட சோறு திங்கிறா, அவ்வளவுதான்னு சொல்லுங்க."

"நீங்க லேசாச் செல்லுவீங்க. ஒங்களுக்கு மாசாமாசம் சம்பளம். எனக்கு ஒரு கல்லு போதும், கண்ணாடி போக."

அவர் சொன்னது உண்மை என்று வெள்ளையம்மாவுக்குத் தெரியும். அதுவே கோபத்தைக் கூட்டியது. கல்லெறிகிறவனைக் கேட்க முடியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆறாம் தரத்துப் பிள்ளையை எழுப்பி வேறு இடத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். "மாத்த மாட்டேன் முதலாளி. ஒங்க புள்ளையே வந்து மாத்தச் சொன்னா மாத்துறேன்" என்றார்.

ரஸாக் அதிபரிடம் போனார். அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு வெள்ளையம்மாமேல் ஒரு முறைப்பாடு போனது. ஆனால் அடுத்த நாள் நூரியா கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டி பெரியதாக இருந்தது. இரண்டு பேருக்கான இடியப்பம். "உம்மா தந்த" என்றாள். ரஸாக்கின் மனைவி ஹப்ஸா பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் இல்லை, வெள்ளையம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அந்தப் பெட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. ரஸாக்கும் அதற்குப் பிறகு மகளை மாற்றச் சொல்லி வரவில்லை.

முறைப்பாடு மட்டும் தன் பாட்டில் நகர்ந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி, பாட நேரத்தில் லேஞ்சி வீசியது பற்றிக் கேட்டார். 'ஆபத்தான அரசியல் விடயங்களை மாணவர்களிடையே கலந்துரையாடச் செய்தது' பற்றிக் கேட்டார். மைக் பற்றிக் கேட்கவில்லை. வெள்ளையம்மா சொன்னதையும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாம் தவணைக்கு முன்னால், சேவையின் தேவை கருதி என்று கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரை மாற்றினார்கள். மேன்முறையீடு செய்தார். பதிலே வரவில்லை. கடைசி நாளன்று அதிபர் தேநீர் விருந்து வைத்தார். வெள்ளையம்மா போகவில்லை. ஆறாம் தரத்தில் மணி அடிக்கும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

சுதாகரன் அந்த வருஷக் கடைசியில் வெளியே வந்தான். எதற்குப் பிடித்தார்கள் என்றும் அவனிடம் யாரும் சொல்லவில்லை, எதற்கு விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. ஹோட்டலில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். வலது தோளை மேலே தூக்க முடியாமல் இருந்தது. தோட்டத்தில் புல்வெட்டும் வேலைக்குப் பேர் பதிந்துகொண்டான். மல்லிகா இதை வெள்ளையம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை. "இனி ரொட்டி போட முடியாதுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். "புள்ள ஸ்கூலுக்குப் போகுதா?" என்று கேட்டார் வெள்ளையம்மா. போகுது என்றாள்.

பழைய பள்ளிக்கூடத்துச் செய்திகள் எப்போதாவது காதில் விழும். அடுத்த ஜனவரியில் அதிபர் அப்பாவின் தொழிலை எடுத்துவிட்டு, எதிர்கால இலட்சியம் என்று மாற்றினாராம். பிள்ளைகள் எல்லோரும் டாக்டர் என்றார்களாம். ட்ராக்டர் ஓட்டப் போகிறேன் என்ற ஒரு பையனைப் பார்த்து மண்டபமே சிரித்ததாம். வெள்ளையம்மா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கோகிலாவும் நூரியாவும் ஏழாம் தரத்துக்கு வந்தபோது ஏதோ நெற்போல் விளையாட்டுக் கோஷ்டிக்காகச் சண்டைபோட்டுப் பேச்சை விட்டுவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டார். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வரவில்லை. நெற்போலுக்காகச் சண்டை போடட்டும். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்றார்.

2009 ஜனவரியில் கேகாலைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிய அதிபர் வந்தார். சின்ன வயது. வருஷத்து முதல் நாள் காலையில் வெள்ளையம்மா அவருடைய அறைக்குப் போனார். சண்டை பிடிக்கத் தயாராகப் போயிருந்தார். அவர் இப்படிச் சொன்னால் இதைச் சொல்ல வேண்டும், அப்படி மடக்கினால் இப்படித் திருப்ப வேண்டும் என்று விடுமுறை முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தார்.

"சார், இங்கயும் புதுப் புள்ளைங்கள மேடையில ஏத்தி அப்பா தொழில் கேக்குறது வேணாம். வகுப்புக்குள்ள நான் என் முறையில அறிமுகம் செஞ்சிக்கிறேன்."

அதிபர் பாட நேரசூசிகையிலிருந்து தலை நிமிர்ந்தார். "ஆ, சரி டீச்சர். செய்யுங்க" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

வெள்ளையம்மா நகரவில்லை. அவ்வளவுதானா? இதற்கு இவ்வளவுதானா தேவைப்பட்டது? ஒருவர் தலை நிமிர்ந்து சரி என்று சொல்ல வேண்டியதுதானா? அவருக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடேறியது. இத்தனை வருஷத்தில் எந்த ஜனவரியிலும் வராத கோபம் அது. அதை வைக்க அந்த அறையில் ஓர் இடம் இருக்கவில்லை.

"ஏன் டீச்சர்?" என்றார் அதிபர் குழம்பிப்போய். "நான் சரின்னுதான சொன்னேன்?"

"ஆமா சார்" என்றார் வெள்ளையம்மா. "சரின்னுதான் சொன்னீங்க."

மணி அடித்தது. அவர் ஆறாம் தரத்துக்குப் போனார்.